என் வாயில் இருந்த பிரிட்ஜ்

1

மெல்பர்ன் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதை என் வீட்டுக்காரர் கோழிக் குழம்பு வைத்துக் கொண்டாடினார். கேக் வெட்டலாமே என்று மகன் இங்கிலீஷில் சொன்னான். கோழிப்பண்ணை வீட்டில் பிறந்தவளுக்குக் கேக்காம் கேக்கு! நாமக்கல்லில் எங்கள் வீட்டில் கால் எலும்பைக் கடித்து, உறிஞ்சி, சக்கையாக்கித் துப்பினால்தான் சாப்பிட்டதாகவே ஒத்துக்கொள்வார்கள். தட்டில் எலும்பு முழுசாகக் கிடந்தால், "ஏஞ்சாமி, அந்தக் கோழி உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்று அப்பா கேட்பார்.

அந்தப் பழக்கத்தில் எலும்பை முன்பல்லால் பிடித்து இழுத்தேன். வாய்க்குள் டக்கென்று ஒரு சத்தம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்து கழன்றது என் பிரிட்ஜ்.

பிரிட்ஜ் என்றால் என்னவென்று தெரியாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். பல் போன இடத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பற்களைச் சீவி, அவற்றுக்கு உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே துண்டாக ஒட்டிவிடுவார்கள். பக்கத்துப் பல் இரண்டும் தூண், நடுவில் இருப்பது பாலம். எனக்கு மேல்வரிசை நடுப்பல் இரண்டும் போனது காலேஜ் படிக்கும்போது. மோகனூர் ரோட்டில் மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் பண்ணையின் முட்டை வண்டியே ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்தார். நடுப்பல் இரண்டும் ரோட்டோடு போயின. பக்கத்துப் பல் இரண்டும் அடிபட்டு உள்ளுக்குள்ளேயே செத்தன. வண்டியிலிருந்த முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை என்று அண்ணன் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

செத்த பல் இரண்டுக்கும் ரூட் கெனால் செய்து, அவற்றையே தூணாக்கி, என் கல்யாணத்துக்கு முன்னால் நாமக்கல் டாக்டர் ஒருவர் பிரிட்ஜ் கட்டிக்கொடுத்தார். ஆத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணுக்குப் பல்வரிசை முத்து மாதிரி இருக்கு" என்று மெச்சினார்கள். அவர்கள் மெச்சியது டாக்டரைத்தான்.

எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, "தம்ளர்ல தண்ணி குடுங்க" என்றேன். "ஸம்ளர்ல ஸண்ணி" என்று வந்தது. அப்பனும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'த' என்பதை நாக்கு மட்டும் சொல்லிவிட முடியாது. அது போய் முட்டுவதற்கு மேலே முன்பல் வேண்டும். பல் இல்லாவிட்டால் 'தமிழ்' என்றுகூடச் சொல்ல வராது.

என் பிழைப்பே அந்தத் தமிழ்தான். இங்கே ஆஸ்பத்திரியிலோ அரசாங்க ஆபீசிலோ இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது வந்து உட்கார்ந்தால் போனில் என்னைக் கூப்பிடுவார்கள். அவர் சொல்வதை இங்கிலீஷிலும் டாக்டர் சொல்வதைத் தமிழிலும் நான் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, உறவு கொண்டாடக்கூடாது. இதில் கடைசி விதி நம் பக்கத்து ஆளுக்குச் சரிப்பட்டு வருமா? யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் வாய்ப்பழக்கத்தில், "சொல்லுங்க சாமி" என்றேன். "நான் சாமியில்லைப் பிள்ளை, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்" என்றார் அவர். டாக்டர் அதற்குள் கம்ப்யூட்டரில் நோயாளி பெயர் 'சாமி' என்று தட்டிவிட்டார். அப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் சாமி என்று ஒருவரைத் தேடு தேடென்று தேடி, என் ஏஜென்சிக்குப் புகார் போய், அடுத்த தரச் சோதனையில் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியவள் என்று எனக்கு ஒரு முத்திரை விழுந்தது.

சம்பளம் கிடக்கட்டும். வீட்டில் மகன் நான் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வான். வீட்டுக்காரர் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே 'ம்' என்பார். 'ம்' எந்த மொழி என்று எனக்குத் தெரியாது. வாய் நிறையத் தமிழ் பேசுவது நான் அந்தப் போனில் மட்டும்தான். இந்த வேலையும் போய்விட்டால் யாரிடம் பேசுவேன்? அன்றைக்குக் கை கழுவும்போது எனக்கு வந்தது பல் போன பயமில்லை, இந்தப் பயம்தான்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் அவரைக் கேட்காமல் ஒரு கோழிக்குக்கூட மருந்து கொடுக்க மாட்டோம். அவர் பக்கத்துக் கோழிச் சத்தத்தில் என் ஸகரம் எடுபடவில்லை, நானும் இனி வேண்டிய இடத்தில் தவிர அதை எழுதி உங்களைப் படுத்தப்போவதில்லை.

"அண்ணா, என்ர பிரிட்ஜு ஒடஞ்சு போச்சுங்க."

"எந்த பிரிட்ஜு? உங்கல்யாணத்தப்ப வாங்குனதா?"

"அதேதானுங்க."

"அடேங்கப்பா! அதையவா அங்க கொண்டு போயி வெச்சிருந்தே?"

"பின்ன, கழட்டி ஊட்லயே வெச்சுட்டா வருவாங்க?"

"அதுஞ் சரிதான். உள்ள எது போச்சு?"

"தாங்குறது ஒண்ணு ஒடஞ்சிருச்சுங்க. இன்னொண்ணு நிக்குது. ஆனா ரெண்டும் முன்னயே செத்ததுதானுங்களே."

"செத்ததைக் கட்டிக்கிட்டு என்னத்துக்கு அம்முணி மாரடிக்கறே? ரிப்பேரு பண்ண ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கெடையாது. அடியோட தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வையி. மாப்ள கணக்குப் பாத்தாருன்னா எங்கிட்டக் குடு, நாஞ் சொல்றேன்."

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு வைத்தியம் சொன்னதில்லை. மனசு லேசாகிவிட்டது.

2

இந்த நாட்டில் அரசாங்கம் உங்கள் இதயத்தைப் பார்த்துக்கொள்ளும், மூட்டைப் பார்த்துக்கொள்ளும், பல்லை மட்டும் உங்கள் தலையில் கட்டிவிடும். பல் உடம்பில் சேராது போலிருக்கிறது. அதனால் எங்கள் பேட்டையிலேயே ஒரு தனியார் பல் டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் கேட்டதற்கெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். பிறந்த நாடு இந்தியா, வீட்டு மொழி தமிழ், வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். கூட்டிக் கழித்து அந்தப் பெண் ஒரு முடிவுக்கு வந்தாள். நான் டாக்டர் முன்னால் போய்ச் சாய்ந்தபோது ஸ்பீக்கர் போனில் ஒரு குரல் காத்திருந்தது.

"வணக்கம். நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இங்கே பேசப்படும் அனைத்தும் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்."

நான் தினமும் சொல்கிற வாசகம். வேண்டாம், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தினமும் சமைத்துப் போடுகிறவளுக்கு ஒருநாளாவது இலை முன்னால் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிட ஆசை இருக்காதா? பேசாமல் இருந்துவிட்டேன்.

சின்னப் பெண் போல. புத்தகத் தமிழ். டாக்டர் சொல்வதை 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி, அதைச் சுத்தமாகக் கடைப்பிடித்தாள். "நான் உங்கள் வேர்க்கால்வாய்ப் பற்களைப் பரிசோதித்தேன். பாலத்தின் வலப்புறத் தூணில் விரிசல் உள்ளது. இடப்புறத் தூண் தற்போது உறுதியாக உள்ளது." பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்து பார்வையிட்டதுபோல் இருந்தது. அடுத்து டாக்டர், இரண்டு பல்லும் 'நான்-வைட்டல்' என்றார். உள்ளே உயிர் நரம்பு இல்லாத பல் என்று அர்த்தம். அந்தப் பெண் யோசிக்கவேயில்லை. "இந்த இரண்டு பற்களும் முக்கியமில்லாதவை" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "கண்ணு, முக்கியமில்லாதது இல்ல, உசுரில்லாதது" என்றேன். அதுவும் 'முக்கியமில்லாஸ' என்றுதான் வந்தது. அவள் காதில் 'முக்கியமில்லாதது இல்ல' மட்டும்தான் விழுந்தது போல. பிறகு டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள்: "என் பற்கள் எனக்கு முக்கியமானவை." டாக்டர் உருகிப் போய்விட்டார். என் தோளைத் தட்டிக்கொடுத்து, புரிகிறது, புரிகிறது என்றார். அதற்குமேல் திருத்தினால் இன்னும் மோசமாகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தனையோ பேருக்கு நானே போனில் சொன்ன விஷயம்தான். ரூட் கெனால் செய்த பல்லின் உள்ளே குடைந்து எடுத்திருப்பார்கள். அதற்கு மேல் உறை மாட்டச் சுற்றிலும் சீவியிருப்பார்கள். மிஞ்சியது கொஞ்சம். தன் பாரத்தை மட்டும் தாங்கச் சொன்னால் காலத்துக்கும் நிற்கும். பக்கத்தில் இல்லாத பற்களின் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றினால் ஒருநாள் விரிசல் விடும், இல்லாவிட்டால் உறைக்கு அடியில் சொத்தை புகும். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் முடுக்குகிற உலோகத் திருகு. அதற்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு புண்ணானால் அதுவும் ஆடும். எலும்பு பிடிக்க மாசக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதனால் செத்த பல் இரண்டையும் எடுத்துவிட்டு, இரண்டு திருகு வைத்து, அதன் மேல் புதுப் பிரிட்ஜ் கட்டிவிடலாம் என்றார்.

இடப்பக்கத்துப் பல் நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் எடுக்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் செத்ததைக் கட்டிக்கொண்டு மாரடிக்காதே என்று அண்ணனும் சொல்லியிருக்கிறார். ஒரே விஷயத்தை நாமக்கல்லும் மெல்பர்னும் சேர்ந்து சொல்லும்போது மறுக்க நான் யார்? கையெழுத்துப் போட்டேன். பல் பிடுங்க நாள் குறித்தார்கள். போனில் இருந்த பெண், "உங்களுக்குச் சேவை செய்ததில் மகிழ்ச்சி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

3

பல் பிடுங்குகிற அன்று காலையில் கார் சாவியைக் கையில் எடுத்தேன், அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் கோழிகள் கொக்கரித்தன.

"புது பிரிட்ஜு வந்துருச்சா அம்முணி? டபுள் டோரா?"

"என்னதுங்க?"

"இத்தனை நாளாப் பாலு தயிரையெல்லாம் எங்க வெச்சே? பக்கத்து ஊட்லயா?"

நான் அப்படியே செருப்பு ஸ்டாண்டு மேல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் பல்லில் கட்டுவதும் பிரிட்ஜுதான், பால் வைப்பதும் பிரிட்ஜுதான். என் கல்யாணச் சீரில் அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிக்கொடுத்த பச்சைக்கலர் பிரிட்ஜும் ஒன்று இருந்தது. அதை நான் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்று மனுஷன் நம்பியிருக்கிறார்.

"அண்ணா, பல்லுங்க! நாஞ் சொன்னது பல்லு பிரிட்ஜுங்க!"

அண்ணன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து என் வாயைப் பார்த்தார்.

"பல்லா?" என்றார். "நம்ம குடுத்த பிரிட்ஜை எந்தங்கச்சி கைவிடவே இல்லைன்னு உங்கண்ணிகிட்டப் பெருமையாச் சொன்னேனே!" உடனே குரல் மாறிவிட்டது. "பல்லுன்னா எடுத்துராத சாமி! நல்லா நிக்கற பல்லை எவனாச்சும் புடுங்குவானா? நீ மொதல்ல கெளம்பி இங்க வா. நம்ம டாக்டருகிட்டக் காட்டலாம்."

பிரிட்ஜுக்குச் சொன்ன வைத்தியத்துக்குத் தலைகீழ் வைத்தியம் பல்லுக்கு. ஆனால் அந்தத் தெளிவு மட்டும் மாறவில்லை. இதை நம்பியா கையெழுத்துப் போட்டோம் என்று எனக்கு உடம்பே கூசியது.

அப்பாயின்ட்மென்டை ரத்து செய்யப் போனால் இணையதளம் காரணம் கேட்டது. உடல்நலக் குறைவு, போக்குவரத்து, வேலைப் பளு, குடும்பத்தில் துக்கம் என்று வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். என் அண்ணன் குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்துவிட்டார் என்பதற்கு இடமே இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்திவிட்டு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன். தரச் சோதனைக்குள் திரும்பிவிட வேண்டும், பல்லோடு திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

4

நாமக்கல்லில் டாக்டர் வீடு இருக்கிற தெருவில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள். வெளியே தகடு அறுக்கும் சத்தம், உள்ளே பல் அறுக்கும் சத்தம். எது யாருக்கு என்று தெரியாமல் காத்திருப்பவர்கள் இரண்டுக்கும் சேர்த்துப் பயப்படுவார்கள். அன்றைக்குப் பெஞ்சில் ஒரு சிங்கப்பூர், ஒரு துபாய், ஒரு நியூஜெர்சி, நான். எல்லோரும் லீவுக்கு வந்து வாயைத் திறந்து வைத்திருந்தோம். உள்ளூர்க்காரர் என்று பார்த்தால் துணைக்கு வந்த என் அண்ணன் ஒருவர்தான்.

எனக்குப் பிரிட்ஜ் கட்டிய டாக்டர் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகள் பார்க்கிறார். டப்பாவில் போட்டுக் கொண்டுபோயிருந்த என் பிரிட்ஜை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா வேலைங்க" என்றார். "இத்தனை வருசம் இந்த ரெண்டு பல்லு மேல நின்னதே அதிசயம். எலும்பு கடிப்பீங்களா?"

"கடிக்கலைன்னா எங்கப்பா திட்டுவாருங்க."

"எங்கப்பா கடிக்க வேண்டாம்னு சொல்லியிருப்பாரே."

"சொன்னாருங்க" என்று அண்ணன் நடுவில் புகுந்தார். "எங்கப்பாதான் ஜெயிச்சாரு."

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: விரிசல் விட்ட பல் வேருக்குள்ளேயே பிளந்துவிட்டது, காப்பாற்ற முடியாது. மற்றப் பல் கல்லாட்டம் இருக்கிறது, ரூட் கெனால் இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது, எடுக்கவே கூடாது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அப்படியென்றால் போன இடத்தில் ஒரே ஒரு திருகு வைத்து, அந்தப் பக்கம் திருகு, இந்தப் பக்கம் என் பழைய பல் என்று பிரிட்ஜ் கட்டிவிடலாமே என்றேன்.

"அது மட்டும் ஆகாதுங்க" என்றார். "பல்லு எலும்புல ஒட்டிக்கிட்டு நிக்கறதில்ல. சுத்தி மெத்தையாட்ட நார் இருக்குது. கடிச்சா ஒரு மயிரிழை அசஞ்சு குடுக்கும். உள்ள நரம்பை எடுத்துட்டாலும் அந்த நாரு உசுரோடதான் இருக்கும். திருகுக்கு அது கெடையாது, எலும்போட எலும்பா நிக்கும். ரெண்டையும் ஒரே பிரிட்ஜுல கட்டுனா ஒண்ணு அசையும், ஒண்ணு அசையாது. கடைசில எதாச்சும் ஒண்ணு புட்டுக்கும்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் உவமை தோன்றியிருக்கும். ஒரு கால் சொந்த ஊரில், ஒரு கால் அந்நிய மண்ணில் என்று. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இதைச் சொன்னால் அடுத்த பொங்கலுக்குள் ஏழெட்டுக் கவிதை வந்துவிடும். நான் எழுதுவதாக இல்லை. டாக்டர் சொன்னது பல்லைப் பற்றி, பல்லைப் பற்றி மட்டும்தான்.

மிச்சம் இரண்டு வழி என்றார். ஒன்று, இரண்டு பக்கமும் கோரைப்பல்லையும் சேர்த்துச் சீவி நீளமான பிரிட்ஜ் கட்டுவது. ஊருக்குத் திரும்புவதற்குள் முடிந்துவிடும், 'த' அன்றைக்கே வந்துவிடும். ஆனால் நல்ல பல் இரண்டைச் சீவ வேண்டும். ரூட் கெனால் பல் மறுபடியும் பாரம் சுமக்க வேண்டும். எத்தனை நாள் சுமக்கும் என்று அவரால் சொல்ல முடியாது. விட்டுப் போனால் மொத்தமும் போகும். இன்னொன்று, பல் போன இடத்தில் ஒரு திருகு, நடுவில் ஒரு திருகு, அந்த இரண்டின் மேல் மட்டும் ஒரு சின்ன பிரிட்ஜ். நல்லா நிற்கிற ரூட் கெனால் பல்லுக்குத் தனி உறை.

"அது தம்பாட்டுக்குத் தனியா நிக்கட்டும். இனி அது யாரையும் தாங்க வேண்டாமுங்க" என்றார்.

அதற்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். மாசக்கணக்கில் என்றார். அதுவரை கழற்றி மாட்டுகிற பிளேட்டுப் பல். பார்க்க அழகாக இருக்கும். பேச்சு கொஞ்சம் கொழகொழக்கும்.

"சட்டுனு முடியறதைப் பண்ணுங்க" என்றார் அண்ணன். "அவளுக்கு வாய் நின்னு போனா உசுரே நின்ன மாதிரிங்க." கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, இப்போதே சொல்ல வேண்டியதில்லை, போய்ப் படுத்து யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "உனக்கு எது சரியோ அதைச் செய்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் 'ம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது அப்போதுதான். ராவெல்லாம் புரண்டேன். நீள பிரிட்ஜ் கட்டினால் சோதனையில் தேறிவிடுவேன். ஆனால் ஒவ்வொரு 'த' சொல்லும்போதும் உள்ளே இது எப்போது விட்டுப்போகுமோ என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பயந்து பயந்து பேசுகிற பேச்சு எதற்கு? காலையில் போய்த் திருகே வைத்துவிடுங்கள் என்றேன். பேச்சு நிற்கட்டும், வரும்போது முழுசாக வரட்டும் என்று வீரமாகச் சொன்னேன். திருகு முடுக்கும்போது அந்த வீரத்தில் பாதி போய்விட்டது.

5

பிளேட்டுப் பல்லோடு திரும்பினேன். கடிக்க முடியாதவளுக்கு வீட்டுக்காரர் தினம் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினார். இத்தனை வருஷம் கோழிக்கு முன்னால் தோற்றுக்கொண்டே இருந்த, ஜவ்வரிசிக்குப் பேர்போன அவருடைய ஆத்தூர் அந்த ஒரு மாசத்தில் ஜெயித்துவிட்டது.

தரச் சோதனை போனில் நடந்தது. ஒருவர் டாக்டராக இங்கிலீஷில் பேசுவார், ஒருவர் நோயாளியாகத் தமிழில் பேசுவார், நடுவில் நான். அந்த வினாத்தாளை எழுதியவருக்கு என் மேல் என்ன கோபமோ, ரத்த அழுத்தம், தடுப்பூசி, தாய்ப்பால், தைராய்டு என்று தகரம் தகரமாகப் போட்டிருந்தார். ரத்தம் என் வாயில் ரஸ்ஸம் ஆயிற்று. ரசத்துக்கு அழுத்தம் எப்படி வரும் என்று நோயாளி வேடம் போட்டவரே குழம்பிப்போனார்.

முடிவை நயமாகத்தான் சொன்னார்கள். மொழித் திறன் சிறப்பு, உச்சரிப்புத் தெளிவு திரும்பும்வரை தற்காலிக நிறுத்தம். அந்தத் 'தற்காலிகம்' என்பதைக்கூட வீட்டுக்காரரிடம் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. போன் அடிக்காத வீடு. காலையில் அவர் வேலைக்குப் போவார், மகன் யுனிவர்சிட்டிக்குப் போவான், நான் கஞ்சித் தட்டைக் கழுவுவேன். அழுகை அழுகையாக வந்தது. யாருக்காக இத்தனை பொறுமை என்று அந்தத் திருகு மேலேயே கோபம் வந்தது.

என் மகன் பெயர் கதிர். நான் ஆசைப்பட்டு வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அதைக் கடித்துக் குதறியதில் சலித்துப்போய், எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது அதைச் சுருக்கித் தன்னைக் 'கேஸ்' (Kaz) என்று கூப்பிடச் சொல்லிவிட்டான். நம் ஊரில் கேஸ் என்றால் சிலிண்டர், இல்லாவிட்டால் கோர்ட்டு. அவனுக்கு அது பிடித்திருந்தது. சிநேகிதர்கள் எல்லோருக்கும் அவன் கேஸ்தான். வீட்டில் நான் மட்டும் விடாமல் கதிர் என்பேன். அவனும் விடாமல் இங்கிலீஷில் பதில் சொல்வான். சண்டையெல்லாம் கிடையாது, அப்படியே பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். "கஸிர், சாப்பிட வா" என்று வந்தது. அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"நீ என்ன சொன்ன?" என்றான் இங்கிலீஷில்.

"பல்லில்லாஸவ என்னடா பண்ணுவா. நீஸான் கேஸ் ஆயிட்டியே, கிட்டஸ்ஸட்ட அஸுஸானே."

"நீ மட்டும் அப்படிக் கூப்பிடாதே" என்றான். முகம் நிஜமாகவே வாடிவிட்டது. எழுந்து என் எதிரில் வந்து நின்று, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல மெதுவாகச் சொன்னான்: "க... டிர்."

"கடிரா?" எனக்கு இருந்த துக்கமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவனே அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்றோ! முப்பத்திரண்டு பல்லும் சொந்தமாக வைத்திருக்கிறவன் கடிர் என்கிறான், திருகு முளைத்த வாயோடு நான் கஸிர் என்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்ல அந்த வீட்டில் அப்போது ஆளில்லை.

பாத்ரூம் கண்ணாடி முன்னால் போய் இரண்டு பேரும் நின்றோம். மேல் முன்பல்லின் பின்னால் நாக்கு நுனியை வைத்து மெதுவாக விடு என்றேன். எந்தப் பல் என்றான். விரலால் தொட்டுக் காட்டினேன். அவனுக்கு வெள்ளை வெளேரென்று இரண்டு நடுப்பல், ஒரு குறையில்லை. கடிர் என்றான். அப்புறம் கட்டிர் என்றான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ இருட்டில் தடவுகிறவன்போல நாக்கை வைத்து, "கதிர்" என்றான்.

சுத்தமாக விழுந்தது. போனில் பேசுகிற நாளில் நான்கூட அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. என்னால் அடக்க முடியவில்லை, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவன் பயந்துபோனான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பல்லு வலிக்குதா?" என்று கேட்டான். தமிழில் கேட்டான்.

ஆமாம் என்று தலையாட்டினேன். இல்லை என்று சொன்னால் மறுபடி இங்கிலீஷுக்குப் போய்விடுவான்.